எட்டுக் கட்டங்களுக்கு ஆறு பேர்

அரசரின் பிறந்தநாள் விடுமுறையன்று அரசர் பிறக்கவில்லை. லண்டனில் இருக்கும் அவர் நவம்பர்க்காரர். மெல்பர்னில் நாங்கள் அவருக்குப் பிறந்தநாள் கொண்டாடுவது ஜூன் மாதத்தின் ஒரு திங்கட்கிழமை. கையில் பிடித்த தேநீர் வாய்க்கு வருவதற்குள் ஆறிவிடும் குளிர். அந்த விடுமுறைப் பிற்பகலில் ட்ருகனினாவில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, எங்கள் பக்கத்துத் தமிழர்கள் வருடா வருடம் வினாடி வினா நடத்துகிறோம். கேள்விகளைத் தயாரிப்பது நான். ஒரு சுற்று கிரிக்கெட், ஒரு சுற்று சினிமா, ஒரு சுற்று பொது அறிவு. கடைசிச் சுற்று எப்போதும் அரண்மனை.

ஏன் அரண்மனை என்று யாரும் கேட்டதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு. என்னுடையது இது என்று விட்டுவிட்டார்கள். ஆங்கிலமே தெரியாமல் இங்கிலாந்துக்கு அரசராக வந்து இறங்கியவர் உண்டு. பட்டம் சூட்டுவதற்கு முன்பே பட்டத்தைத் துறந்தவர் உண்டு. எந்த ராணிக்கு எத்தனை பிள்ளை, எந்த இளவரசன் யாருக்குப் பேரன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் சொந்த வம்சத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் வேறு பேச்சுக்கு மாறிவிடுவேன்.

இந்த வருடம் என் மகளும் வந்திருந்தாள், கணவனோடு. அவளுக்குப் பன்னிரண்டாவது வாரம். வயிறு இன்னும் குளிர்க்கோட்டுக்குள் அடங்கியிருந்தது. கூடத்தில் எங்கள் நான்கு பேருக்கு மட்டும் தெரிந்த சேதி. மருமகன் இத்தாலியிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், மெல்பர்னிலேயே பிறந்தவன். தமிழ்க் கேள்விகளுக்குப் புன்னகை செய்வதும் வடைகளைத் தீர்ப்பதும் அந்த மேசையில் அவன் பொறுப்பு.

மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "கணவர் இறந்த பிறகு நாற்பது வருடம் கறுப்பு உடை மட்டுமே உடுத்திய ராணி. கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கணவர் அவருக்கு என்ன உறவு?"

தாள்கள் வந்தன. எல்லா மேசைகளும் 'கசின்' என்று எழுதியிருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று, கிரெய்கிபர்னில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கும் அன்ரியின் மேசை. யாழ்ப்பாணத்துக்காரர். அரச குடும்பத்துக் கல்யாணம் ஒவ்வொன்றுக்கும் வெளியான பீங்கான் தட்டுகளைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பவர். அவர் எழுந்து நின்றார்.

"தம்பி, கசின் எண்டு எழுதினவைக்கும் ஒரு மார்க், எங்களுக்கும் ஒரு மார்க்கோ? நாங்கள் வடிவா எழுதியிருக்கிறம். தாய்மாமன்ர மகன். சொந்த மச்சான்."

"ரெண்டும் சரிதான் அன்ரி. ஒரே மார்க்தான்."

"அதென்ன நியாயம்? கசின் எண்டா ஆரும் இருக்கலாம். சித்தியின்ர மகனும் இவைக்குக் கசின்தான். அவனைக் கட்டேலுமே? அவன் தம்பி எல்லோ!"

கூடம் சிரித்தது. பக்கத்து மேசையிலிருந்த கோயம்புத்தூர்க்காரர், "அன்ரி, அரண்மனைக்கே முறை பாத்துட்டீங்களே!" என்றார்.

"பாக்கத்தானே வேணும். அந்தப் பிள்ளை முறையாத்தான் கட்டினது. எங்கட பக்கம் எண்டாச் சீதனமும் குறைஞ்சிருக்கும்."

இன்னும் அரை மார்க் கொடுத்தேன். கொடுத்த கையோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் ஒரு கதவு திறந்தால் போதுமே, உள்ளே ஓடிவிடுவேன். அந்த ராணியையும் அந்த மச்சானையும் மூன்று மாத இடைவெளியில் பிரசவம் பார்த்தவர் ஒரே மருத்துவச்சி என்றேன். பெண்தான் மூன்று மாதம் மூத்தவள், பெண்தான் வாய் திறந்து கல்யாணத்துக்குக் கேட்டாள் என்றேன். அத்தை மகளைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்து, அவளை முதன்முதலாகப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவரிடம் பிராந்தி கேட்ட இன்னொரு இளவரசரைப் பற்றிச் சொன்னேன். முதல் உலகப் போரில் இங்கிலாந்து அரசர் சண்டையிட்டது அத்தை மகனோடு. ரஷ்யாவின் அரசர் அவருக்குச் சித்தி மகன், பார்க்க இரட்டையர்போல இருப்பார்கள் என்றேன்.

"அப்ப அத்தானோட சண்டை, தம்பியோட கூட்டு. எங்கட வீட்டுக் காணி வழக்கு மாதிரி" என்றார் அன்ரி.

"தம்பிக்கு ஆபத்து வந்தப்போ வீட்டுக்குள்ள விடலை அன்ரி. வரச் சொல்லிட்டு, அப்புறம் வேணாம்னுட்டாரு."

"அதுவும் எங்கட வீட்டு வழக்கு மாதிரித்தான்."

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குரல் வந்தது. என் மகளின் குரல். சிரிப்போடுதான் சொன்னாள், ஆனால் மூக்கைச் சுருக்கிக்கொண்டு.

"யக்! அப்பா, தே ஆர் ஃபர்ஸ்ட் கசின்ஸ்! பாவம் அந்தப் பிள்ளைங்க. சோ க்ரோஸ்!"

அவள் வயதுக்காரர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நான் தேநீர் மேசையைப் பார்த்தேன். என் மனைவி பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மூடி ஏற்கெனவே மூடியிருந்தது. அவள் இன்னும் திருகிக்கொண்டிருந்தாள்.

என் மனைவி என் மாமன் மகள். அவள் அப்பா என் அம்மாவின் அண்ணன். இதை எழுத எனக்கு இருபத்தெட்டு வருடம் ஆகியிருக்கிறது.

கோவில்பட்டியில் ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஐந்து மாத இடைவெளியில் பிறந்தோம். எங்கள் இரண்டு பேரையும் கையில் ஏந்திய நர்ஸ் ஒருவரே என்று இரண்டு வீட்டிலும் சொல்வார்கள். சின்ன வயதில் அவள் என்னை 'டேய்' என்பாள். ஒருமுறை ஸ்கேலால் அடித்துப் புருவத்தில் தழும்பு போட்டவள். கல்யாணம் பேசியபோது வெட்கப்படுவதற்குப் பதில் இரண்டு பேரும் சிரித்தோம். தாலி கட்டிய மறுநாள் அத்தை, அதாவது என் அம்மா, ஒரு பார்வை பார்த்தார். அன்றிலிருந்து நான் 'நீங்க' ஆனேன். ஊரில் அது யாருக்கும் ஒரு விஷயமில்லை. சொந்தத்தில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு சிட்னி. செவன் ஹில்ஸில் ஸ்டேஷனுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு சின்ன யூனிட் வீடு. பின்னால் தொழிற்சாலைகள், முன்னால் ரயில். வந்து ஒரு வருடத்துக்குள் அவள் கர்ப்பம். மருத்துவமனையில் முதல் சந்திப்பு. செம்பட்டை முடி நர்ஸ் ஒருவர் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்க்கரை உண்டா, புகை உண்டா, வீட்டில் யாருக்காவது இதயநோய் உண்டா. என் மனைவிக்கு அப்போது ஆங்கிலம் தயக்கம். அவளுக்கான பதில்களையும் நானே சொன்னேன். ஒரு கேள்வியில் அந்த நர்ஸ் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். அந்தத் தாழ்வில் இருந்தது மரியாதைதான், இப்போது தெரிகிறது. நீங்கள் இருவரும் கல்யாணத்துக்கு முன்பே இரத்த உறவா?

என்னோடு வேலை பார்த்தவர்கள் மதிய உணவு நேரத்தில் கசின் கல்யாணத்தை வைத்து அடிக்கும் ஜோக்குகள் எனக்கு நினைவுக்கு வந்தன. மூன்று விநாடி இருக்கும். "நோ" என்றேன்.

அவர் இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டார். பேனா காகிதத்தில் உரசிய சத்தம் கேட்டது. என் மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரியவில்லை என்றே இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பையன். பதினொரு நாள் இருந்தான். பால் குடிக்க மறுத்தான், பிறகு விழிக்க மறுத்தான். மருத்துவர்கள் நல்லவர்கள், தலையைக் குனிந்துகொண்டு, காரணம் தெரியவில்லை என்றார்கள். பழைய படிவத்தைப் புரட்டி, குடும்பத்தில் ஏதும் இல்லை என்று மறுபடி உறுதி செய்துகொண்டார்கள். நான் தலையாட்டினேன். வாயைத் திறந்து சொல்வதற்கு அதுதான் இரண்டாவது வாய்ப்பு.

அதன் பிறகான சனிக்கிழமைகளில் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அவள் ஜன்னலோரம் ரயில்களைப் பார்த்தபடி இருப்பாள். நான் நூலகத்துக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு தடித்த புத்தகம், பிரித்தால் மேசையளவு விரியும் பக்கங்கள். அரசர்களின் வம்ச விருட்சங்கள். விரலை வைத்துக்கொண்டு தேடினேன். நான் என்ன தேடினேன் என்று நூலகப் பெண்மணிக்குத் தெரியாது. எங்களைப்போல் யார் யார் என்று தேடினேன். மாமன் மகனைக் கட்டியவள். அத்தை மகனைக் கட்டி, அவனோடு சேர்ந்தே அரியணையில் அமர்ந்தவள். அத்தை மகளைக் கட்டியவன். கிளைகள் பிரிந்து போய், வெட்கமில்லாமல் திரும்பி வந்து ஒன்றையொன்று தொட்டன. தங்க ஓரம் போட்ட பக்கத்தில் அச்சாகியிருந்தது. அங்கே அது வரலாறு. எனக்கு அது மூன்று விநாடிப் பயம்.

பதினேழு முறை கருவுற்ற ஒரு ராணியையும் அங்கேதான் கண்டேன். பெரும்பாலானவை பிறக்காமலே போயின. பிறந்தவை மழலையிலேயே போயின. ஒரே ஒரு பையன் பதினொரு வயது வரை இருந்தான். அவனும் போனான். அவளுக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து யாருமில்லை. தூரத்து உறவு ஒன்றைத் தேடிப்பிடித்து அரசராக்கினார்கள். அன்று மாலை வீட்டுக்குப் போய் மனைவியிடம் அந்த ராணியைப் பற்றிச் சொன்னேன். மூன்று வாரத்தில் முதன்முறையாக அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பதினேழா?"

"பதினேழு."

"அவ புருஷன் என்ன செஞ்சான்?"

"கூடவே இருந்தான்னு போட்டிருக்கு."

அன்று இரவுச் சாப்பாட்டை இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம். அப்படித்தான் அரண்மனை எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு ராணியைக் கொண்டுவந்தேன், மற்றவர்கள் பூ வாங்கி வருவதுபோல.

இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். எட்டரை ராத்தல், ஊரைக் கூட்டும் அழுகை. அதற்குள் மெல்பர்னுக்கு வந்துவிட்டோம். அந்த மருத்துவமனையிலும் அதே கேள்வி கேட்டார்கள். அதே பதிலைச் சொன்னேன். ஒருமுறை சொன்ன பொய்க்கு விசுவாசமாக இருக்க வேண்டியிருக்கிறது.

அவளுக்கு எட்டு வயதானபோது பள்ளியில் ஒரு தாள் கொடுத்தனுப்பினார்கள். குடும்ப மரம். கீழே ஒரு கட்டம், நீ. மேலே இரண்டு, பெற்றோர். அதற்கு மேலே நான்கு. உச்சியில் எட்டு. அவற்றை நிரப்பி, பெரிய சார்ட்டில் வரைந்து, வகுப்பில் பேச வேண்டும்.

கணக்கு எளிது. என் அம்மாவும் மனைவியின் அப்பாவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்றால், உச்சியில் இருக்க வேண்டிய எட்டுப் பேரில் இரண்டு பேர் இரண்டு முறை வருவார்கள். எட்டுக் கட்டங்களுக்கு எங்களிடம் இருந்தது ஆறு பேர்.

"அப்பா, ரெண்டு பாக்ஸ் காலியா இருக்கு" என்றாள்.

உண்மையைச் சொல்ல அதைவிட எளிய தருணம் வராது. எட்டு வயதுக்கு எதுவும் அருவருப்பில்லை. ஆனால் வகுப்பில் எழுந்து நின்று சொல்வாளே, ஆசிரியை என்ன நினைப்பார், மற்றப் பிள்ளைகள் வீட்டில் போய் என்ன சொல்வார்கள் என்று என் மனம் ஓடியது. மனைவி குசினியில் இருந்தாள் (அன்ரியோடு பழகிப் பழகி எங்கள் சமையலறையும் குசினியாகிவிட்டது). நான் பேனாவை எடுத்தேன். மனைவியின் அப்பாவுக்குப் புதிதாக ஓர் அப்பாவையும் அம்மாவையும் உண்டாக்கினேன்.

"இவர் என்ன வேலை பார்த்தார்?"

"கலங்கரை விளக்கத்துல விளக்கேத்துறவர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. தூத்துக்குடியில் எப்போதோ பார்த்த விளக்கு நாக்கில் வந்து நின்றிருக்கலாம். "ராத்திரி முழுக்க முழிச்சிருப்பார், கப்பல்கள் வழி தவறக்கூடாதுன்னு."

அவள் கண்கள் விரிந்தன. மற்ற ஏழு பேருக்கும் வட்ட முகம் மட்டும். அவருக்கு மட்டும் மீசை, தொப்பி, பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கோபுரம். அவரைப் பற்றியே பேசிப் பரிசும் வாங்கி வந்தாள். ஜெர்மன் பெயரோடு போரில் நிற்கக் கூசி, ஒரு கோட்டையின் பெயரைத் தன் குடும்பத்துக்குச் சூட்டிக்கொண்ட அரசர் உண்டு. அவரே மாற்றினார், நான் மாற்றினால் என்ன என்று அன்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். அவர் மாற்றியதை நாட்டுக்கே அறிவித்துவிட்டுத்தான் மாற்றினார் என்பதை மறந்துவிட்டேன்.

லைட் ஹவுஸ் தாத்தா வளர்ந்தார். கடற்கரைப் பயணங்களில் கலங்கரை விளக்கம் வந்தால் காரை நிறுத்தச் சொல்வாள். காதலித்த பையனை முதலில் கூட்டிப்போனதும் அப்படி ஓர் இடத்துக்குத்தான். கர்ப்பம் உறுதியான வாரத்தில் அவள் குழந்தைக்கு வாங்கிய முதல் பொருள், கலங்கரை விளக்க வடிவத்தில் ஒரு சின்ன மேசை விளக்கு.

வினாடி வினாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தனியாக வந்தாள். கையில் அச்சடித்த நாலு பக்கம். அண்ணன் ஒருவன் பதினொரு நாளில் இறந்ததைக் கேட்ட அவளுடைய மருத்துவர், மரபணு ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பியிருக்கிறார். ஆலோசகர் குடும்ப மரம் கேட்டிருக்கிறார். மூன்று தலைமுறை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு.

"ஈஸிதான்பா. ஸ்கூல்ல செஞ்ச சார்ட் என்கிட்ட இன்னும் இருக்கு. சரிதானான்னு மட்டும் பாருங்க, அப்படியே எழுதிடறேன்" என்று அந்தப் பழைய சார்ட்டையும் மேசையில் விரித்தாள். மீசைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

படிவத்தின் ஓரத்தில் குறியீடுகளின் விளக்கம். கணவன் மனைவிக்கு நடுவே ஒரு கோடு. அவர்கள் முன்பே இரத்த உறவு என்றால் இரண்டு கோடு. நூலகத்தின் விரியும் பக்கங்களில் இந்த இரட்டைக் கோட்டை நான் தேடி நடந்திருக்கிறேன். எங்கள் மேசைக்கு அது இப்போதுதான் வந்து சேர்ந்தது. இந்த முறை கேட்பது நர்ஸ் இல்லை, ஆசிரியை இல்லை. உள்ளே ஓர் உயிரை வைத்துக்கொண்டு, அதற்காக உண்மை கேட்கிறாள் என் பிள்ளை. நான் 'சரிதான்' என்று சொன்னால் அவள் அப்படியே எழுதிக் கொடுப்பாள். பொய் மூன்றாவது தலைமுறைக்குப் போகும்.

பேனாவை வாங்கினேன். வாங்கியவன் எழுதவில்லை. "ஆலோசகர் கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லணும்னு கட்டாயமா?" என்றேன். என் காதுக்கே அந்தக் குரல் அருவருப்பாக இருந்தது.

"என்னப்பா?"

குசினி வாசலில் மனைவி நின்றிருந்தாள். கையில் கரண்டி.

"இப்பவும் சொல்லமாட்டியா நீ?"

மகள் திரும்பினாள். அம்மா அப்பாவை 'நீ' என்று சொல்லி அவள் கேட்டதேயில்லை. நானே கேட்டு எத்தனையோ வருடம். எதிர்வீட்டுப் பெண்ணின் குரல் அது, ஸ்கேலோடு நின்றவளின் குரல்.

"அன்னிக்கு அந்த நர்ஸ் கேட்டப்போ நோன்னு சொன்ன. எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும்டா. புரிஞ்சுது. நானும் வாயைத் திறக்கலை. பாதித் தப்பு என்னோடது. ஆனா இவகிட்டயும் நோ சொன்னீன்னா, முழுத் தப்பும் ஒன்னோடதுதான்."

பிறகு நான் சொன்னேன். வாக்கியங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வெளியே வந்தன. அம்மா வழித் தாத்தாவும் அப்பா வழி ஆச்சியும் அண்ணன் தங்கை. நானும் அம்மாவும் கசின். செவன் ஹில்ஸ். டிக் போட்ட சத்தம். பதினொரு நாள். மீசைக்காரர். எல்லாம்.

'யக்' என்று சொன்ன அந்தத் திங்கட்கிழமை அவள் முகத்தில் வந்துபோனது தெரிந்தது. அவள் முதலில் அம்மாவைத்தான் பார்த்தாள்.

"நான் அன்னிக்கு சொன்னது... சாரிம்மா. எனக்குத் தெரியாது."

"தெரியாம சொன்னது. விடு."

பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அப்போ லைட் ஹவுஸ் தாத்தா?"

"அவர் இல்லைம்மா."

"இல்லைன்னா? வேற வேலை பாத்தாரா?"

"அப்படி ஒருத்தர் இல்லை."

கசின் என்பதைத் தாங்கியவளால் இதைத் தாங்க முடியவில்லை. எழுந்து, பையை எடுத்து, படிவத்தையும் சார்ட்டையும் அப்படியே விட்டுவிட்டுப் போனாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மனைவி வந்து எனக்கு எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள். பேனாவை என் கையிலிருந்து எடுத்து, படிவத்தில் எங்கள் சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே முதலில் ஒரு கோடு போட்டாள். அதன் கீழே, ஒட்டினாற்போல், இன்னொன்று. இரண்டாவது கோடு கொஞ்சம் கோணலாக இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதுக்கா இத்தனை வருஷம்?"

பன்னிரண்டு நாட்கள் மகளிடமிருந்து எனக்கு அழைப்பில்லை. அம்மாவோடு பேசினாள், படிவத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள். நான் ட்ருகனினாவில் வேலை பார்க்கும் கிடங்கின் கணினிகளுக்கு நடுவே நடந்து திரிந்தேன். அலமாரிகள் கூரைவரை, ஒவ்வொரு பெட்டியிலும் எங்கிருந்து வந்தது என்று ஒரு சீட்டு. ஒரு மாலை அன்ரி வீட்டுக்குப் போய், நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதையோ ஒளிச்சு வச்சனீர்? நானும் என்ர சொந்த மச்சானைத்தான் கட்டினனான். ஒருத்தரும் கேக்கேல்ல, நானும் சொல்லேல்ல." தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஆனா தம்பி, நான் இல்லாத ஆளைப் பெத்துப் போடேல்ல. அதுக்குத்தான் பிள்ளைக்குக் கோபம். தேத்தண்ணி குடியும், இரும்."

ஆலோசகரைப் பார்க்கப் போகும் நாளில் மகள் எங்கள் இருவரையும் வரச் சொன்னாள். சின்ன அறை, ஜன்னலுக்கு வெளியே டிராம் கம்பிகள். எங்கள் மரத்தை மேசையில் விரித்திருந்தார் அந்த இளம்பெண். இரட்டைக் கோட்டின் மேல் அவருடைய விரல் ஒரு கணம் நின்றது. பிறகு வேறெந்தக் கோட்டையும் கடப்பதுபோலக் கடந்துபோனது. கணவர் வேறு குடும்பம் என்பதால் இதை நினைத்துக் குழந்தைக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை, வழக்கமான சோதனைகளோடு இன்னும் ஒன்றிரண்டு செய்து பார்க்கலாம் என்றார்.

நான் என் கேள்வியைக் கேட்டேன். அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால்?

அவர் அவசரப்படவில்லை. சொல்லியிருந்தால் வேறு சில சோதனைகளைச் செய்திருப்பார்கள், காரணம் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் போயிருக்கலாம், சொந்தத்தில் மணந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான குழந்தைகளே பிறக்கின்றன என்றார். பிழைத்திருப்பானா என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது என்றார். மன்னிப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளாக இருந்தபோது தெருவைக் கடக்கப் பிடித்த பிடி.

அந்தக் கறுப்புடை ராணியின் ஒரு மகனுக்கு இரத்தம் உறையாத நோய். மச்சானைக் கட்டியதால் வந்தது என்று ஊர் பேசும். இல்லை, அது தாய்வழியாக மட்டும் வருவது. அவள் யாரைக் கட்டியிருந்தாலும் வந்திருக்கும். வருடக்கணக்காக இந்தத் துணுக்கை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்காக வாதாடினேன் என்று அந்த அறையில் புரிந்தது.

வெளியே வந்தபோது வெயில். நடைபாதையில் மகள் எனக்கு இரண்டடி முன்னால் நடந்தாள். பிறகு நின்றாள்.

"அந்த சார்ட் எங்கே?"

"வீட்டுல இருக்கு. பத்திரமா வெச்சிருக்கேன்."

"எனக்கு வேணும்."

"எதுக்கும்மா? அதுல இருக்கறது..."

"பொய். தெரியும்." வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள், கோட்டுக்குள் இப்போது அது தெரிந்தது. "ஆனா நான் அவரை எட்டு வயசுலேர்ந்து லவ் பண்றேன். சும்மா டிலீட் பண்ண முடியாது. இவன் பெரியவனானதும் அந்த லைட் யாருதுன்னு கேப்பான்ல? நீங்கதான் வந்து சொல்லணும். 'உன் தாத்தா பயந்துபோய் உண்டாக்கின ஆள்'னு. நீங்களே சொல்லணும், உங்க வாயால."

"சொல்றேன்."

"ஃபுல்லா."

"ஃபுல்லா சொல்றேன்."

"அந்தப் பதினேழு தடவை கர்ப்பமான ராணியையும் சேர்த்து" என்றாள் மனைவி, பின்னாலிருந்து.

அன்று மாலை மகள் வீட்டுக்கு வந்து சார்ட்டை மேசையில் விரித்தாள். உச்சியில் இடது ஓரத்தில் என் அம்மாவின் பெற்றோர். வலது ஓரத்தில் மீசைக்காரரும் அவர் மனைவியும். மனைவியின் அப்பாவுக்கு மேலே எழுந்து மீசைக்காரரைத் தொட்ட கோட்டை அழிப்பானால் அழித்தாள். இத்தனை வருடப் பென்சில் அவ்வளவு எளிதில் போகவில்லை. காகிதம் சற்று உரிந்தது. அந்த இடத்திலிருந்து புதிய கோடு ஒன்றை ஸ்கேல் வைத்து இழுத்தாள். அது சார்ட்டின் முழு அகலத்தையும் கடந்து, இடது ஓரத்தில் இருக்கும் அந்த இருவரிடம் போய்ச் சேர்ந்தது.

மீசைக்காரர் அங்கேயே நின்றார், யாருக்கும் உறவில்லாமல், தன் கோபுரத்துக்குப் பக்கத்தில்.